சக்கை வரட்டியும் ரப்பர் தேனும்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்ததில் எங்கள் வீட்டிலும் எல்லாருக்கும் சந்தோஷம். முட்டுவலியை இனியும் தள்ளிப்போடாமல் வைத்தியரைப் போய்ப் பார். இங்கே அனைவரும் சுகம். அம்மாவுக்குக் காதுதான் கொஞ்சம் மந்தம்.

போன தடவை அனுப்பிய தேன் அடியில் சீனி மாதிரி கட்டிவிட்டது, கலப்படமோ என்று கேட்டிருந்தாய். இல்லை மக்களே, அது ரப்பர் தேன். இலை உதிர்ந்த ரப்பர் மரம் புதிதாகத் தளிர்க்கும்போது இலைக்காம்பில் இனிப்பு நீர் சுரக்கும். மார்த்தாண்டம் பக்கத்துத் தேன்கூடுகள் பெரும்பாலும் அதில்தான் நிறைகின்றன. பூவே இல்லாமல் வரும் இந்தத் தேன் சீக்கிரம் உறைந்துவிடும். பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்தால் இளகும். அடுப்பில் மட்டும் ஏற்றாதே, மணம் போய்விடும்.

இப்போதெல்லாம் காய்கறிக்கு நாகர்கோவில் வடசேரி உழவர் சந்தைக்குத்தான் போகிறேன். விளைவித்தவரே அடையாள அட்டையோடு வந்து விற்கிறார், விலையும் பலகையில் எழுதியிருக்கும். எனக்கு அதைவிடப் பிடித்தது அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள முடிவதுதான். எந்த மரச்சீனிக் கிழங்கு மாவாக வேகும், எந்தச் சேனை நாக்கில் அரிக்கும் என்று நட்டவருக்குத்தானே தெரியும்! மட்டி வாழைப்பழம் பார்த்தால் விடமாட்டேன். 2023இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது உனக்குத் தெரிந்திருக்கும். நம் பிள்ளைகளுக்கு முதன்முதலில் மசித்து ஊட்டிய பழம் அல்லவா. ஆனால் பார்சலில் தாங்காது, நீ இங்கே வந்துதான் சாப்பிட வேண்டும்.

சக்கை வரட்டி, அதான் பலாப்பழத்தைக் கிளறிச் செய்யும் இனிப்பு, அனுப்பியிருக்கிறேன். சந்தைக்கு வெளியே ஓரமாக அமர்ந்திருக்கும் ஒரு அம்மாவிடம் வாங்கியது. சுளை குழைந்துபோகும் கூழன் சக்கையா, கெட்டிச் சுளை வருக்கையா என்று கேட்டேன். "வருக்கைதான், மழைக்கு முன்னே கிளறினது" என்றார். அந்த ஒரு பதில் எனக்குப் போதும். மழை பிடித்துவிட்டால் பழத்தில் தண்ணீர் ஏறி இனிப்பு குறையும். எவ்வளவு வெல்லம் போட்டாலும் அந்த ருசி வராது. சுளையை வேகவைத்து மசித்து, வெல்லப் பாகில் போட்டு, நெய் விட்டு விட்டு, உருளிப் பாத்திரத்தில் ஒட்டாமல் திரண்டு வரும்வரை கிளற வேண்டும். கை ஓயும் வேலை. அதனால்தான் வீடுகளில் இதை விட்டுவிட்டார்கள். சக்கை மரத்தடியிலேயே விழுந்து அழுகுவதைப் பார்க்க எனக்கு மனசு தாங்கவில்லை. அந்த அம்மா சொன்ன விலையில் ஒரு ரூபாய்கூடக் குறைத்துக் கேட்கவில்லை. கேட்கவும் கூடாது. அடுத்த சீசனில் அவர் கிளறும்போது கூட இருந்து பதம் படித்துக்கொள்ள அனுமதி வாங்கிவிட்டேன்.

ஈரக்கரண்டி போடாதே, பூஞ்சை பிடிக்கும். கொஞ்சம் எடுத்து அரிசிமாவும் தேங்காயும் சேர்த்து இலையில் அடை சுட்டுப் பார். மாப்பிள்ளைக்குப் பிடிக்கும்.

உப்புமாங்காயும் கேட்டிருந்தாய். இந்த வருஷம் நல்லதாகக் கிடைக்கவில்லை, அதனால் வாங்கவில்லை. ஏத்தங்காய் உப்பேரி, அதான் நேந்திரங்காய் வறுவல், வேண்டுமென்றால் சீக்கிரம் எழுது. ஓணம் நெருங்கினால் காய் விலை எகிறிவிடும்.

அன்புடன்,
உன் பெஞ்சுத் தோழி