எங்கள் குண்டுஉப்பலவாடி தெருவுக்கு நன்றி

எல்லோருக்கும் வணக்கம்.

2024 டிசம்பரில், ஃபெஞ்சல் புயல் கரை கடந்த கையோடு சாத்தனூர் அணைத் தண்ணீரும் சேர்ந்துகொள்ள, தென்பெண்ணை எங்கள் தெருவுக்குள் வந்தது. நான் அரிசி மூட்டையைப் பரணில் ஏற்றிக்கொண்டிருந்தேன். "அக்கா, கம்ப்யூட்டரு!" என்று கத்திக்கொண்டே முழங்கால் தண்ணீரில் ஓடிவந்தான் பக்கத்து வீட்டுத் தம்பி. சிபியுவைத் தலையில் வைத்து மாடிக்குத் தூக்கிப்போனான். தம்பி, உனக்குத்தான் முதல் நன்றி. நீ காப்பாற்றியது என் டிடிபி பிழைப்பை மட்டுமல்ல.

என் அம்மா 2018இல் சினைப்பைப் புற்றுநோயில் போய்ச் சேர்ந்தார். வயிறு உப்புசத்தை வாயு என்றே நினைத்து ஓமத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தோம். தெரிந்தபோது முற்றியிருந்தது. மறுவருஷம் அக்கா மகள் வந்து, ஆராய்ச்சிக் கணக்குகளை வீட்டுக் கம்ப்யூட்டரில் ஓடவிடும் 'பாயிங்க்' மென்பொருளை என் கம்ப்யூட்டரில் போட்டு, வேர்ல்டு கம்யூனிட்டி கிரிட்டில் சேர்த்துவிட்டாள். வீட்டுக் கம்ப்யூட்டர்களில் சும்மா கிடக்கும் சக்தியை ஆராய்ச்சிக்குத் திரட்டும் திட்டம் அது. 2004இல் ஐபிஎம் தொடங்கியது. 2021 முதல் டொரண்டோவின் கிரெம்பில் ஆராய்ச்சி நிலையத்திடம் இருக்கிறது. அதில் புற்றுநோயின் அடையாளங்களைத் தேடும் திட்டம் ஒன்று. நோயாளிகளின் திசு மாதிரிகளிலிருந்து எடுத்த தரவில், எந்த மரபணுக்கள் சேர்ந்து நின்றால் நோயைக் காட்டிக்கொடுக்கும் என்று சலித்துப் பார்க்கிறார்கள். நுரையீரலோடு சினைப்பையும் அந்தப் பட்டியலில் உண்டு. சேர்க்கைகள் எண்ணி மாளாதவை. அதனால் துண்டு துண்டாக்கி எங்களைப் போன்ற வீடுகளுக்கு அனுப்புகிறார்கள். நான் கல்யாணப் பத்திரிகை அடிக்கும்போது கம்ப்யூட்டரின் சக்தியில் பெரும்பகுதி சும்மாதான் கிடக்கிறது, அதைக் கொடுக்கிறேன். கத்திரி வெயிலில் சூடாகக் கூடாதென்று கம்ப்யூட்டரின் கணக்குப் போடும் பகுதிகளான கோர்களில் பாதியை மட்டும் ஓடவிட்டவளும் அந்த அக்கா மகளே. கண்ணு, அம்மாச்சி இருந்திருந்தால் உன்னைக் கட்டிக்கொண்டிருப்பார்.

மஞ்சக்குப்பத்தில் சர்வீஸ் கடை வைத்திருக்கும் அண்ணனுக்கு என்ன சொல்வது? பெட்டியின் அடியில் தண்ணீர் ஏறியிருந்தது. கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் போய்விட்டது. அவர் கடைக்குள்ளும் சேறுதான். அதற்கு நடுவில் உட்கார்ந்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் ஃபேன் இறக்கை ஒவ்வொன்றிலும் காய்ந்திருந்த வண்டலைச் சுரண்டி எடுத்தார். என்ன வேலை ஓடுகிறது என்று கேட்டார், சொன்னேன். எஸ்எம்பிஎஸ்ஸுக்கு மட்டும் காசு வாங்கினார். கூலி வேண்டாம் என்றுவிட்டார்.

ஈரச் சுவரில் ஷாக் அடித்த லைனைப் பார்த்து எர்த் போட்டுத் தந்த வயர்மேன் ஐயாவுக்கும், கரண்ட் பில்லுக்கு ஒருநாளும் முகம் சுளிக்காத என் வீட்டுக்காரருக்கும் நன்றி.

இன்னொருவர் பெயரும் முகமும் எனக்குத் தெரியாது. வெள்ளத்தன்று என் கம்ப்யூட்டரில் சில கணக்குகள் பாதியில் நின்றன. கெடு தாண்டினால் அவற்றை வேறு யாருக்காவது அனுப்பிவிடுவார்கள். எந்த ஊரோ, எந்த வீடோ, அங்கே ஒரு கம்ப்யூட்டர் என் பங்கை முடித்துக் கொடுத்திருக்கும். ஐயா, அம்மா, நீங்கள் யாராக இருந்தாலும் உங்களுக்கும் இந்தக் கடலூர்க்காரியின் நன்றி. பொங்கல் முடிந்ததிலிருந்து நானும் மறுபடி வேலையைத் தொடங்கிவிட்டேன்.

அன்புடன்,
குண்டுஉப்பலவாடி, கடலூர்