புண் ஆறும் வரை ஆய்வும் தொடரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சர்க்கரை நோய் பற்றித் தங்கள் நாளிதழில் வரும் செய்திகளையும் மருத்துவர்களின் கட்டுரைகளையும் தவறாமல் படித்து வருபவள் நான். மாத்திரை, இன்சுலின், உணவு, நடைப்பயிற்சி என்று அவற்றில் பேசப்படுபவை எல்லாம் தேவையானவையே. ஆனால் அந்த நோயாளியின் கால் புண்ணுக்கு நாள்தோறும் கட்டு மாற்றுகிற செவிலியர்கள் என்ன ஆராய்கிறார்கள், அந்த ஆய்வுகள் கடைசியில் எங்கே போய்ச் சேர்கின்றன என்பது பற்றி யாரும் பேசுவதாகத் தெரியவில்லை. அரசு மருத்துவமனைகளில் 31 ஆண்டுகள் பணியாற்றி, அதில் பாதிக்கு மேல் அறுவைப் பிரிவிலும் டிரெஸ்ஸிங் அறையிலும் கழித்தவள் என்பதால் இதை எழுதுகிறேன்.

பணிக்காலத்தில் நான் மறக்க முடியாத ஓர் அம்மாவிலிருந்து தொடங்குகிறேன். வயது ஐம்பத்திரண்டு, நூறு நாள் வேலைக்குப் போகிறவர். சீமைக்கருவேல முள் ஹவாய் செருப்பைத் துளைத்துக்கொண்டு பெருவிரலுக்கு அடியில் ஏறியிருக்கிறது. காலில் நெடுநாளாக மதமதப்பு இருந்ததால் அவருக்கு அது தெரியவில்லை. மூன்று நாள் அதே காலோடு வேலைக்குப் போயிருக்கிறார். வீட்டில் துர்நாற்றம் வருவதை மருமகள் கவனித்த பிறகுதான் எங்களிடம் அழைத்து வந்தார்கள். முதலில் விரலை எடுத்தார்கள். நான்கு மாதம் கழித்து முழங்காலுக்குக் கீழே காலையும் எடுக்க வேண்டியதாயிற்று. அவர் கையோடு கொண்டு வந்திருந்த சர்க்கரை நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். ஆறு ஆண்டுகள் ஏறக்குறைய மாதம் தவறாமல் ரத்தச் சர்க்கரையின் அளவு எழுதப்பட்டிருந்தது, மாத்திரையும் கொடுக்கப்பட்டிருந்தது. பாதத்தைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. “ஒரு தடவைகூட யாரும் செருப்பைக் கழட்டச் சொல்லலையே, சிஸ்டர்” என்றார். அந்த நோட்டில் எழுதியவர்களில் என்னைப் போன்ற செவிலியர்களும் இருந்தார்கள் என்பதால் அந்தச் சொல் எங்கள் தொழிலின் மீதும் விழுந்த சொல்தான்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் ஆதரவில் நடந்து 2023 இல் வெளியான ஆய்வு, நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் சர்க்கரை நோயோடு வாழ்வதாகக் கணக்கிட்டது. சர்க்கரை நோயாளிகளில் ஐந்தில் ஒருவர் முதல் மூன்றில் ஒருவர் வரை வாழ்நாளில் ஒரு முறையாவது கால் புண்ணுக்கு ஆளாகக்கூடும் என்பது உலக அளவிலான மதிப்பீடு. ஆறிய புண்ணும் அதோடு விட்டுவிடுவதில்லை. ஆறியவர்களில் பத்தில் நான்கு பேருக்கு ஓராண்டுக்குள் மீண்டும் புண் வருகிறது. ஐந்தாண்டுக்குள் என்று பார்த்தால் மூன்றில் இருவருக்கு வருகிறது. ஆகவே “புண் ஆறிவிட்டது” என்று நோட்டில் எழுதி அனுப்பும் நாளை முடிவு நாளாகக் கொள்ளவே கூடாது. அன்றிலிருந்து வேறொரு கவனிப்பு தொடங்க வேண்டும். அந்தக் கவனிப்பு பெரும்பாலும் செவிலியரின் கையில்தான் இருக்கிறது.

இதையெல்லாம் ஆராய நம்மிடம் ஆளில்லை என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின்கீழ் எம்.எஸ்சி. நர்சிங் படிக்கும் ஒவ்வொரு மாணவரும் ஓர் ஆய்வேடு எழுதித்தான் பட்டம் பெறுகிறார். அவற்றில் ஏராளமானவை பல்கலைக்கழகத்தின் இணையக் களஞ்சியத்தில் எவரும் படிக்கும்படி கிடைக்கின்றன. ஓய்வு பெற்ற பின் நான் அவற்றை ஒவ்வொன்றாகப் படிக்கத் தொடங்கினேன். சர்க்கரை நோயாளிகளின் கால் ரத்த ஓட்டத்துக்கு, காலை உயர்த்தியும் தொங்கவிட்டும் கிடத்தியும் செய்யும் பர்கர் ஆலன் பயிற்சி, புண்ணுக்குத் தேன் கட்டு, படுக்கைப் புண்ணைத் தடுக்கும் முறைகள், பாதப் பராமரிப்பு குறித்த விளக்கக் கல்வி என்று நம் வார்டுகளுக்கு நேரடியாக வேண்டிய தலைப்புகள் அவை. அந்தப் பிள்ளைகள் வார்டு வார்டாக நின்று, நோயாளியின் சம்மதம் பெற்று, கையெழுத்து வாங்கி, மிகுந்த பாடுபட்டுச் செய்த வேலை என்பது வரிக்கு வரி தெரிகிறது. படிக்கும்போது பெருமையாக இருந்தது.

ஆனால் கூடவே ஒரு வருத்தமும் வந்தது. நான் படித்தவற்றில் பெரும்பாலானவை ஒரே மருத்துவமனையில், கிடைத்த நோயாளிகளை வைத்து, முப்பது அறுபது பேரோடு, நான்கு முதல் ஆறு வாரத்துக்குள் முடிந்துவிடுகின்றன. தேர்வு அட்டவணை அப்படி. சர்க்கரை நோயாளியின் கால் புண் எந்த அட்டவணையையும் பார்ப்பதில்லை. நன்றாகக் கவனித்தாலே ஆறுவதற்குப் பன்னிரண்டு வாரம், சில நேரம் அதைவிடவும் கூடுதலாக எடுத்துக்கொள்ளும். பர்கர் ஆலன் பயிற்சி ஐந்து நாள் செய்த பின் கணுக்காலின் ரத்த அழுத்தம் சற்று மேம்பட்டது என்று ஆய்வேடு முடியும்போது, அந்த முப்பது பேரில் எத்தனை பேருக்குப் புண் ஆறியது, எத்தனை பேர் வீட்டுக்குப் போய் அந்தப் பயிற்சியைத் தொடர்ந்தார்கள், எத்தனை பேர் மறு ஆண்டு அதே காலோடு திரும்பி வந்தார்கள் என்ற கேள்விகள் கேட்கப்படாமலே நின்றுவிடுகின்றன.

கல்வி தருவது பற்றிய ஆய்வுகளிலும் இதே கதைதான். பாதப் பராமரிப்பு பற்றிப் பாடம் நடத்தி, ஏழாம் நாள் வினாத்தாள் கொடுத்தால் மதிப்பெண் கூடத்தான் செய்யும். சொன்னதை ஏழு நாள் கழித்துத் திருப்பிச் சொல்வது நம் மக்களுக்குக் கடினமான காரியமே இல்லை. நான் தெரிந்துகொள்ள விரும்புவது ஆறு மாதம் கழித்து அந்தப் பாதம் எப்படி இருக்கிறது என்பதை: வெடிப்பு இருக்கிறதா, ஆணி இருக்கிறதா, நகத்தைப் பிளேடால் வெட்டுவதை நிறுத்தினாரா என்பதை. மனத்தில் பதிந்த அறிவை அளப்பது எளிது. பாதத்தைப் பார்ப்பதற்கு அவர் வீடு வரை போக வேண்டும்.

செவிலியர் ஆய்வால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு இரண்டு செய்திகளைச் சொல்ல வேண்டும். லண்டனில் முதியோர் வார்டுகளில் பணியாற்றிய டோரீன் நார்டன் என்ற செவிலியர் 1962 இல் தம் குழுவினரோடு வெளியிட்ட ஆய்வில், படுக்கைப் புண்ணைத் தடுக்க முதுகில் எதைத் தேய்ப்பது என்ற பழைய கேள்வியை விட்டுவிட்டு, யாருக்குப் புண் வரும் என்பதை முன்கூட்டியே கணிக்க ஐந்து அம்சங்கள் கொண்ட ஓர் அளவுகோலைத் தந்தார். உடலின் மீதான அழுத்தத்தைக் குறைத்து நோயாளியை அடிக்கடி திருப்பிப் படுக்க வைப்பதே பயன் தருகிறது என்றும் காட்டினார். பின்பு 1987 இல் அமெரிக்கச் செவிலியர்களான பார்பரா பிரேடனும் நான்சி பெர்க்ஸ்ட்ராமும் வகுத்த அளவுகோலைத்தான் இன்று நம் தீவிர சிகிச்சைப் பிரிவுகளிலும் நிரப்புகிறோம். அதே பெர்க்ஸ்ட்ராம் 2013 இல், அடர்த்தியான நுரை மெத்தை இருந்தால் நோயாளியை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை, நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்புவதற்கிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று கண்டு வெளியிட்டார். தம் துறை நெடுங்காலம் நம்பிய இரண்டு மணிக் கணக்கையே சோதித்துப் பார்க்க எவ்வளவு துணிவு வேண்டும்! “வேறுபாடு இல்லை” என்ற முடிவும் ஒரு முடிவுதான் என்பதை நம் ஆய்வேடுகள் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை. நான் படித்தவற்றில் “இந்த முறையால் பயனில்லை” என்று முடிந்தவை மிக அரிது. தேர்வாளருக்கு அஞ்சியே மாணவர்கள் அப்படி எழுதத் தயங்குகிறார்களோ என்று எனக்கு ஐயம் உண்டு.

புண்ணைக் காயவிட வேண்டும், காற்றுப்பட விட வேண்டும் என்ற நம்பிக்கையும் அதே 1962 இல்தான் அசைந்தது. ஈரப்பதத்தோடு மூடி வைத்த மேலோட்டமான காயத்தில், திறந்து காயவிட்டதைவிட ஏறக்குறைய இரு மடங்கு வேகத்தில் புதுத்தோல் வளர்வதை ஜார்ஜ் விண்டர் என்ற ஆய்வாளர் பன்றிகளிடம் காட்டினார். அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும், நுரை பொங்கினால்தான் புண் சுத்தமாகும் என்று எண்ணி ஆறிவரும் புண்ணில் ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றும் வழக்கத்தை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். என் இளமையில் நானே ஊற்றியும் இருக்கிறேன். அது கிருமியோடு சேர்த்துப் புதிதாக வளரும் திசுவையும் கெடுக்கும் என்று எனக்குச் சொல்ல அன்று யாருமில்லை. ஆய்வு வார்டு வரை வந்து சேராவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி.

கால் புண்ணைப் பொறுத்தவரை நாம் வெளியூரைப் பார்க்கவே தேவையில்லை. 1946 இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் கால் அழிவதற்கு முதன்மைக் காரணம் உணர்வு போன பாதத்தின் மீது திரும்பத் திரும்ப விழும் அழுத்தமே என்று கண்டார். மாவுக்கட்டுப் போட்டு அழுத்தத்தைப் பரப்பினால் புண் ஆறுகிறது என்றும், அதற்கேற்ற மென்மையான காலணி வேண்டும் என்றும் அங்கு கற்ற பாடம், அவர் பின்னர் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றபோது சர்க்கரை நோயாளிகளுக்கும் பயன்பட்டது. நாம் இன்றும் எழுதிக் கொடுக்கும் எம்.சி.ஆர். என்ற மென்மையான நுண்ணறை ரப்பர் செருப்பின் வேர் வேலூர் மண்ணில் இருக்கிறது.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தால் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளோடு வீட்டு வாசலுக்கே செல்கிறார்கள். படுத்த படுக்கையாக இருப்பவர்களைத் தேடி நோய்த்தணிப்புச் செவிலியரும் போகிறார். ஆய்வு மாணவர் போக முடியாத இடத்துக்கு ஏற்கெனவே ஒரு வழி திறந்திருக்கிறது. அந்த வருகையின்போது பாதத்தையும் பார்த்து, 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையால் தொட்டு உணர்வு இருக்கிறதா என்று சோதித்து, அதை நோட்டில் எழுத ஐந்து நிமிடம்கூட ஆகாது. டிரெஸ்ஸிங் அறையிலும் புண்ணின் நீள அகலத்தை வாரம் ஒரு முறை அளந்து எழுதினால் போதும். நான்கு வாரத்தில் புண்ணின் பரப்பு பாதியாகக் குறையாவிட்டால் பன்னிரண்டு வாரத்தில் ஆறுவது கடினம், சிகிச்சையை மாற்றிப் பார்க்க வேண்டும் என்பதை 2003 இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. இதற்கு வேண்டிய கருவி ஓர் அளவுகோலும் ஒரு நோட்டும்தான். இருந்தும் “கட்டு மாற்றப்பட்டது” என்ற இரண்டு சொல்லோடு நம் பதிவேடுகள் நின்றுவிடுகின்றன.

பல்கலைக்கழகமும் கல்லூரி முதல்வர்களும் மனம் வைத்தால், ஆளுக்கொரு தலைப்பு என்ற வழக்கத்தை மாற்றி, ஒரே கேள்வியைப் பத்துக் கல்லூரி மாணவர்கள் பத்து ஊர்களில் ஒரே முறையில் ஆராயும்படி செய்யலாம். முப்பது பேர் முந்நூறு பேர் ஆவார்கள். இந்த ஆண்டு மாணவர் சேர்த்த நோயாளிகளை அடுத்த ஆண்டு மாணவர் தொடர்ந்து பார்க்கும்படி ஏற்பாடு செய்தால், புண் ஆறியதா, திரும்பி வந்ததா என்பதும் தெரிந்துவிடும். முடிவை எளிய தமிழில் ஒரே பக்கமாக எழுதி ஆரம்ப சுகாதார நிலையங்களின் டிரெஸ்ஸிங் அறைச் சுவரில் ஒட்ட வேண்டும். இவற்றோடு, நாற்பது நோயாளிகளை ஒரே செவிலியர் பார்க்கும் வார்டில் எவரிடமும் ஆய்வு கேட்க முடியாது என்பதையும் அதிகாரிகள் உணர வேண்டும். ஆய்வுக்கென்று வாரத்தில் சில மணி நேரமாவது பணி அட்டவணையில் ஒதுக்கப்பட வேண்டும்.

ஆராய வேண்டிய கேள்விகளை நம் வீடுகளிலிருந்தே எடுக்கலாம். சர்க்கரை நோயாளி வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்கக் கூடாது என்கின்றன உலக வழிகாட்டு நெறிகள். செருப்பை வாசலில் விடுவது நம் வழக்கம். கோயிலுக்குள் அதை நினைத்தும் பார்க்க முடியாது. சித்திரை வெயிலில் பிராகாரக் கல்லில் நடந்து உள்ளங்கால் கொப்பளித்து வந்தவர்களுக்கும், தைப்பூசத்துக்குப் பழனிக்குப் பாதயாத்திரை போய்ப் புண்ணோடு திரும்பியவர்களுக்கும் நான் கட்டுப் போட்டிருக்கிறேன். கால் வீங்கியதில் மெட்டி இறுகி விரல் அறுபட்டதையும், தூக்கத்தில் எலி கடித்தது தெரியாமல் காலையில் ரத்தத்தைப் பார்த்து விழித்தவர்களையும் கண்டிருக்கிறேன். வெளியே போட்ட செருப்பை உள்ளே போடக் கூசுகிறவர், வீட்டுக்கென்று தனியாக ஒரு ஜோடி கொடுத்தால் போடுவாரா? பூசை அறையிலும் அடுப்படியிலும் என்ன செய்வார்? கோயிலுக்கு மட்டும் தடித்த காலுறையை ஏற்றுக்கொள்வாரா? ஓராண்டில் புண் குறைகிறதா? இதற்கான விடை எந்த வெளிநாட்டு நூலிலும் கிடைக்காது. அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசத் தெரிந்த நம் செவிலியரால்தான் கண்டறிய முடியும். இந்தக் கல்வியாண்டில் தலைப்புத் தேடிக்கொண்டிருக்கும் மாணவர்கள் எவரேனும் இந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டால், அவர்களோடு வீடு வீடாக வரவும் பாதங்களைப் பார்த்து எழுதித் தரவும் நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் கண்காணிப்பாளர்,
திருச்சி மாவட்டம்.