பிளாட்டன் புதைந்தது, லோட்ஷென்டால் இருக்கிறது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

சுவிற்சர்லாந்தில் பனிப்பாறை சரிந்து பிளாட்டன் கிராமம் புதையுண்டது பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையைப் படிப்பவர்கள், லோட்ஷென்டால் பள்ளத்தாக்கே அழிந்துவிட்டதாக எண்ணக்கூடும். பேர்ணில் வசிப்பவனாகவும், அப்பள்ளத்தாக்கில் பல கோடைகள் நடந்தவனாகவும் அதன் நிலவமைப்பைச் சற்று விளக்க விரும்புகிறேன்.

ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கிலிருந்து பிரிந்து ஏறத்தாழ 27 கிலோமீட்டர் நீளும் இதன் வாயில் ஓர் ஒடுங்கிய மலையிடுக்கு; மறுமுனையில் 3,178 மீட்டர் உயரத்தில் லோட்ஷென்லூக்கே என்னும் பனிக்கணவாய். 1913இல் லோட்ஷ்பெர்க் சுரங்கப்பாதை திறக்கப்பட்டு, கோப்பன்ஸ்டைனில் தொடருந்து நிற்கத் தொடங்கும்வரை, இவ்விரண்டுக்கும் இடையில் வாழ்ந்தோருக்கு வெளியுலகத் தொடர்பு மிகக் குறைவு.

இங்கே லொன்சா ஆற்றின் இரு பக்கங்களும் ஒரே மாதிரியானவை அல்ல என்பதுதான் கவனிக்க வேண்டியது. தென்புறத்தில் 3,934 மீட்டர் உயரமான பீட்ச்ஹார்னும் அதன் அண்டைச் சிகரங்களும் வெயில் குறைந்த வடமுகச் சரிவுகளில் பனிப்பாறைகளைத் தாங்கி நிற்கின்றன. அச்சிகரங்களுள் ஒன்றான கிளைனஸ் நெஸ்ட்ஹார்னிலிருந்து உதிர்ந்த பாறைகள் பிர்ச் பனிப்பாறையின் மேல் குவிந்து அழுத்தியதால்தான், 2025 மே 28 அன்று அது மொத்தமாகச் சரிந்து கிராமத்தின் பெரும்பகுதியை மூடியது. ஏறத்தாழ 300 பேர் ஒன்பது நாள்களுக்கு முன்பே வெளியேற்றப்பட்டிருந்தும் ஓர் உயிர் போயிற்று. கீழே உள்ள விலர், கிப்பெல், ஃபெர்டன் ஆகிய ஊர்கள் அப்படியே இருக்கின்றன.

வடபுறச் சரிவோ வெயிலைப் பார்த்தபடி புல்வெளிகளாக விரிந்தது. ஃபாஃப்லரால்பிலிருந்து லௌகெர்னால்ப் வரை செல்லும் மேட்டுப்பாதை இச்சரிவில்தான் போகிறது. கடும் ஏற்றம் இல்லை. மூன்றரை மணி நேரம் போதும், என்னைப் போல் படம் எடுக்க நின்றால் ஐந்து. மஞ்சள் வழிகாட்டிப் பலகைகளில் தூரத்துக்குப் பதிலாக நேரமே எழுதப்பட்டிருக்கும். முழங்கால் வலிக்காரர்கள் அதோடு அரைமணி கூட்டிக்கொள்வது நல்லது. இடையில் சிறுகுடியிருப்புகள் வரும். வெயில் பட்டுக் கறுத்த மரவீடுகள், எலி ஏறாதபடி கால்களுக்கு மேல் தட்டையான வட்டக்கல் வைத்துக் கட்டிய களஞ்சியங்கள். மேற்கு நோக்கி நடப்பவரின் இடக்கைப் பக்கம் பீட்ச்ஹார்ன் நெடுநேரம் உடன் வரும். பாதையில் நின்றபடியே ஒரு பக்கம் பசு மேய்வதையும் எதிர்ப்பக்கம் பனிப்பாறை தொங்குவதையும் பார்க்கலாம்.

போக விரும்புவோர் ஜூலை முதல் செப்டெம்பர் வரையான காலத்தைத் தேர்ந்துகொண்டு, சரிவுக்குப் பின் எந்தப் பாதைகள் திறந்துள்ளன என்பதை உள்ளூர் அலுவலகத்தில் விசாரித்த பின்னரே புறப்பட வேண்டும். அடுத்த முறை இதுபற்றி எழுதும்போது இரு சரிவுகளையும் காட்டும் வரைபடம் ஒன்றையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பேர்ண் வாசகர் ஒருவர்