தேன் தடவினால் பளபளப்பு நிற்காது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கேக் மேல் போர்த்தவும் உருவங்கள் செய்யவும் பயன்படும் சர்க்கரை மாவான ஃபாண்டன்டில் செய்த பூக்களும் பொம்மைகளும் பளபளக்க, தேனில் சம அளவு தண்ணீர் கலந்து தூரிகையால் தடவினால் போதும் என்று தங்கள் நாளிதழின் சமையல் பக்கத்தில் ஒரு குறிப்பு வந்திருந்தது. தடவிய பத்து நிமிடத்துக்கு அது கண்ணாடி போல மின்னும் என்பது உண்மைதான். புகைப்படம் எடுக்க அது போதும். ஆனால் சென்னை, தூத்துக்குடி, நாகர்கோவில் போன்ற ஊர்களில் மாலை விழாவுக்கு அந்த கேக் போய்ச் சேர்வதற்குள் பூ விரலில் ஒட்டும், இதழ் தொய்யும், சிவப்புச் சாயம் பக்கத்து வெள்ளையில் இறங்கும். தேனில் ஃபிரக்டோஸ் அதிகம். அது காற்றில் உள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும் சர்க்கரை. தண்ணீர் ஆவியாகிப் போனாலும் அதைவிட அதிகமான ஈரம் திரும்ப வந்து சேர்வதால், அந்தப் பூச்சு காயவே காயாது. குறிப்பைப் படித்து வீட்டில் கேக் செய்து விற்கும் பெண்கள் பலர் இதைச் செய்து பார்ப்பார்கள் என்பதால்தான் இத்தனை விரிவாக எழுதுகிறேன்.

ஃபாண்டன்ட் இயல்பிலேயே ஏன் மங்கலாக இருக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். அதன் மேற்பரப்பு முழுக்க நுண்ணிய சர்க்கரைப் படிகங்கள். போதாததற்கு, தேய்க்கும்போது ஒட்டாமலிருக்கத் தூவிய சோள மாவு வேறு. இவை வெளிச்சத்தை நாலாபுறமும் சிதறடிக்கின்றன. அந்தப் பரப்பை வழுவழுப்பாக்கினால் மட்டுமே பளபளப்பு வரும். மேல் படிகங்களை லேசாகக் கரைக்கலாம், கொழுப்பைத் தேய்க்கலாம், அல்லது கெட்டியாகக் காயும் ஒரு தெளிந்த படலத்தைப் பூசலாம். மூன்றும் வெவ்வேறு விதமான பளபளப்பு. எல்லாவற்றுக்கும் ஒரே கலவை என்று சொல்லித்தருவதே பிழை.

எந்த வழியானாலும் முதல் வேலை காயவைப்பது. தனியாக நிற்க வேண்டிய பூ, பொம்மைகளுக்கு 250 கிராம் ஃபாண்டன்டில் ஒரு டீஸ்பூன் சி.எம்.சி. தூள் (ஃபாண்டன்டை இறுக வைக்கும் உணவுத் தரப் பசைத்தூள்) சேர்த்துப் பிசைந்தால் கெட்டியாகக் காயும். வெயில் காலத்தில் ஒரு நாள் போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இரண்டு மூன்று நாள் எடுக்கும். உள்ளே ஈரம் இருக்கும்போதே மேலே படலம் பூசினால், அந்த ஈரம் வெளியேற வழியின்றிப் படலத்தை மேகம் படிந்தாற்போல் ஆக்கிவிடும், அல்லது கொப்புளமாகத் தூக்கும். காய்ந்ததும் உலர்ந்த மென்மையான தூரிகையால் மாவை முழுக்கத் துடைத்துவிடுங்கள். மேலே பூசிய பிறகு உள்ளே சிக்கிய மாவு வெள்ளைத் திட்டாகவே நிற்கும், எடுக்க முடியாது.

கேக் முழுவதையும் மூடும் ஃபாண்டன்டுக்கு ஆவி போதும். துணிக்குப் பிடிக்கும் கையடக்க ஸ்டீமரில் முதலில் தெறிக்கும் தண்ணீரை வேறு பக்கம் விட்டுவிட்டு, 20 முதல் 25 செ.மீ. தள்ளிப் பிடித்து, ஓரிடத்தில் இரண்டு மூன்று விநாடிக்கு மேல் நிற்காமல் நகர்த்த வேண்டும். மாவுத் தடம் மறைந்து, பட்டுத்துணி போன்ற மிதமான மினுமினுப்பு வரும். அதற்கு மேல் காட்டினால் துளி கோத்து வழியும். இதழில் தூவிய வண்ணத் தூளை நிலைநிறுத்தவும் இதே ஆவிதான். கம்பியில் கட்டிய பூக்களைக் கொதிக்கும் கெட்டிலின் மூக்குக்கு எதிரே ஒருமுறை காட்டி எடுக்கலாம். இட்லிப் பானை வேண்டாம். அதன் ஆவி கனத்து, சீரற்று வருவதோடு மூடியிலிருந்து நீரும் சொட்டும்.

வெள்ளை வனஸ்பதியைக் கையில் துளி எடுத்துத் தேய்ப்பது கறுப்பு, அடர் நீல ஃபாண்டன்டில் மாவுத் தடத்தை மறைக்க நல்ல வழி. ஆனால் அது காயாது, தூசியைப் பிடிக்கும். அன்றே வெட்டப்போகும் கேக்குக்கு மட்டும்.

இனி, படலமாகக் காயும் பூச்சுகள். தேனுக்குப் பதில் திரவ குளுக்கோஸ் எடுத்துக்கொள்ளுங்கள். பேக்கரிப் பொருள் கடைகளில் டப்பாவில் கிடைப்பதுதான். தேனைவிட மிகக் குறைவாகவே ஈரம் இழுக்கும். கிண்ணத்தைச் சுடுநீரில் வைத்து இளக்கி, 2 டீஸ்பூன் குளுக்கோஸுக்கு 2 டீஸ்பூன் வோட்கா கலந்து, நுரை அடங்கும்வரை விட்டு, மெல்லிசாக ஒரு கை. சாராயம் தண்ணீரைவிடச் சீக்கிரம் ஆவியாவதால் சர்க்கரை கரைய நேரமில்லை; அதுவே அதன் வேலை. வீட்டில் மது வேண்டாம் என்பவர்கள் கொதித்து ஆறிய நீரில் கலக்கலாம். காய நேரம் பிடிக்கும், சற்று ஒட்டும், அடர் சிவப்பிலும் கறுப்பிலும் சாயம் கசியும். ஆனாலும் தேனுக்கு எவ்வளவோ மேல். வெனிலா எசென்ஸை மாற்றாகப் பயன்படுத்தச் சொல்கிறவர்களும் உண்டு. இங்கே விற்கும் எசென்ஸ் பலவற்றில் இருப்பது சாராயமல்ல, புரோப்பிலீன் கிளைக்கால். அது எளிதில் ஆவியாகாது. பூ பிசுபிசுத்துக்கொண்டே இருக்கும்.

கையில் ஒட்டாத, சைவமான பூச்சு வேண்டுமென்றால் கம் அரபிக் என்ற மரப்பிசின். உணவுத் தரத் தூள் 10 கிராம், வெந்நீர் 30 மில்லி. கட்டி தட்டும், பயப்பட வேண்டாம். இரவு முழுக்க ஊறவிட்டுக் காலையில் மெல்லிய துணியில் வடித்தால் தெளிந்த பசை போல் இருக்கும். வெதுவெதுப்பாகப் பூச வேண்டும். தூரிகையை ஒரு இடத்தில் ஒரே இழுப்பாக இழுத்துவிட்டுத் திரும்பிப் போகக் கூடாது, போனால் கீழே உள்ள வண்ணம் கரைந்து வரும். கனமாகப் பூசினால் காய்ந்தபின் பொடிப்பொடியாக வெடிக்கும். மெல்லிய இரண்டு பூச்சு, இடையில் முழுக்கக் காயவிடுவது, அவ்வளவுதான் சூட்சுமம். ஜிகர்தண்டாவில் போடும் பாதாம் பிசினும் பிசின்தானே என்று கேட்கிறார்கள். அது தண்ணீரில் உப்பி ஜெல்லியாகுமே தவிர, கம் அரபிக் போல் கரையாது.

நீடித்து நிற்கும் கண்ணாடிப் பளபளப்புக்கு கன்ஃபெக்ஷனர்ஸ் கிளேஸ் எனப்படும் பூச்சுதான் சரி. சிறு பாட்டிலில் வரும் இதன் மூலப்பொருள் வேறொன்றுமில்லை, நமக்குத் தெரிந்த அரக்கு. புரசு, இலந்தை போன்ற மரங்களில் ஒட்டி வாழும் அரக்குப் பூச்சி சுரக்கும் பிசினைச் சுத்திகரித்து, எத்தனால் சாராயத்தில் கரைத்தது. அந்த அரக்கு நம் நாட்டில் அதிகம் விளைவது ஜார்க்கண்டில். உணவுச் சேர்க்கைப் பட்டியலில் இதன் எண் 904. பூச்சியிலிருந்து வருவது என்பதால் கடும் சைவம் பேணுகிறவர்களுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டியது விற்பவரின் கடமை.

இதை எல்லாவற்றுக்கும் அப்படியே பூசுவதில்லை. பழம், பித்தான், கண்மணி, காலணி இவற்றுக்கு முழு வீரியத்தில். பளிச்சென்ற இலைக்கு மூன்று பங்கு கிளேஸுக்கு ஒரு பங்கு எத்தனால். சாதாரண இலைக்குப் பாதிக்குப் பாதி. இதழில் சிறு உயிர்ப்பு மட்டும் போதுமென்றால் ஒரு பங்கு கிளேஸுக்கு மூன்று பங்கு எத்தனால். இலைகளைத் தூரிகையால் பூசுவதைவிட, கம்பியைப் பிடித்து முக்கியெடுத்து, உதறி, தொங்கவிட்டுக் காயவைப்பது நல்லது. தூரிகைக் கோடு விழாது. இளக்குவதற்கு வோட்கா உதவாது. அதில் பாதிக்கு மேல் தண்ணீர், அரக்கோ தண்ணீரில் கரையாதது. பால் போலத் திரிந்துவிடும். கிளேஸோடு விற்கப்படும் உணவுத் தர இளக்கியையே வாங்க வேண்டும். தூரிகையைக் கழுவவும் அதுதான். இல்லையென்றால் சலவை சோடா கரைத்த வெதுவெதுப்பான நீர், பிறகு நன்றாக அலசல். வேலை நடக்கும்போது அடுப்பை அணைத்துவிடுங்கள், சாராயம் தீப்பிடிக்கும். ஜன்னலும் திறந்திருக்கட்டும்.

மழை நாளில் இந்தப் பூச்சு வெண்பனி படிந்தது போலாவதுண்டு. பொருள் மட்டம் என்று பாட்டிலைத் திட்டுவார்கள். உண்மையில் சாராயம் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது. காற்றிலுள்ள ஈரம் அதில் பனியாகப் படிந்து அரக்கை வெளுக்கச் செய்கிறது. மின்விசிறியை நேரே திருப்பினால் இன்னும் மோசம். ஏ.சி. அறையில் மெல்லிசாகப் பூசுங்கள். வெளுத்துவிட்டால், இளக்கியைத் தொட்ட தூரிகையால் ஒருமுறை மேலே வருடினால் படலம் மீண்டும் கரைந்து தெளியும். எத்தனை நேரமானாலும் ஒட்டிக்கொண்டே இருக்கிறது என்றால் காரணம் வேறு: பாட்டில் பழையது. சாராயத்தில் நெடுநாள் கிடக்கும் அரக்கு மெல்ல மாறி, காயும் தன்மையை இழந்துவிடும். அதைச் சரிசெய்ய வழியில்லை, கொட்டிவிட வேண்டும்.

இங்கேதான் என் பெரிய கவலை. அரக்குதானே என்று, மரச்சாமான்களுக்குப் பூசும் ஹார்டுவேர் கடை பிரெஞ்ச் பாலிஷை வாங்கி பொம்மையில் பூசக் கூடாது. அதைக் கரைக்கும் ஸ்பிரிட் குடிக்க முடியாதபடி நச்சு சேர்க்கப்பட்டது. மருந்துக் கடை சர்ஜிக்கல் ஸ்பிரிட்டும் கைகழுவும் சானிடைசரும் இதே கணக்கு. நகப்பூச்சு, கைவினை வார்னிஷ் பற்றிச் சொல்லவே வேண்டாம். "எடுத்து வைத்துவிடுவார்கள், யாரும் தின்னப் போவதில்லை" என்பது பதிலாகாது. குழந்தையின் கை முதலில் போவது அந்தப் பொம்மைக்குத்தான்.

மின்னும் தூள்களிலும் இதே ஆபத்து இருக்கிறது. "நச்சற்றது" என்று போட்டிருப்பது "உண்ணத் தக்கது" ஆகாது. எழுதுகோலுக்கும் களிமண்ணுக்கும்கூட நச்சற்றது என்று போடுவார்கள். 2018-இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் பிறந்தநாள் கேக் சாப்பிட்ட 6 குழந்தைகள் நோயுற்றார்கள். மேலே கனமாகப் பூசியிருந்த ரோஸ் கோல்டு தூளில் செம்பு இருந்தது. வாங்கும்போது பொருள்களின் பட்டியலும், 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும் சீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். பட்டியலே இல்லாத, பிரித்துக் கட்டிய சின்ன டப்பாத் தூள் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

எதற்கு எந்தப் பூச்சு என்று இப்போது அதிகம் கேட்கப்படும் வளைகாப்பு கேக்கையே எடுத்துக்கொள்ளலாம். கண்ணாடி வளையலுக்கு முழு வீரிய கிளேஸ் இரண்டு பூச்சு. வெற்றிலைக்குப் பாதிக்குப் பாதி, அதுவும் மேல்பக்கம் மட்டும். உண்மை வெற்றிலையின் அடிப்பக்கம் மங்கல்தான். சந்தனக் கிண்ணத்துக்கு உண்ணத் தக்க பொன் தூளை வோட்காவில் குழைத்துப் பூசினால் போதும், மேலே கிளேஸ் போட்டால் உலோகத் தோற்றம் போய் பிளாஸ்டிக் ஆகிவிடும். பட்டுப்புடவை மடிப்புக்கு ஆவி மட்டும். மல்லிகை மொட்டுக்கு எதுவும் வேண்டாம். பக்கத்தில் மங்கலான மொட்டு இருந்தால்தான் வளையலின் மின்னல் கண்ணில் படும். எல்லாவற்றையும் பளபளப்பாக்கிவிட்ட கேக் ஈரம் சொட்டுவது போலத்தான் தெரியும்.

குளிர்பெட்டி விஷயத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பூச்சு காய்ந்த அலங்காரங்களை மூடிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வெளியிலேயே வைத்து, கடைசி நேரத்தில் கேக் மேல் பொருத்துவதே நல்லது. கிரீம் கேக் என்பதால் மொத்தமாகக் குளிரவைத்தே ஆக வேண்டுமென்றால், அட்டைப் பெட்டியில் மூடி வையுங்கள். வெளியே எடுத்ததும் திறக்காமல் அறையின் வெப்பத்துக்கு வரவிட்டால், வியர்வை பெட்டியின் மேல் பூக்கும், பூவின் மேல் பூக்காது. குளுக்கோஸ், கம் அரபிக் பூச்சுகள் அந்த வியர்வையில் கோடு கோடாக வழிந்துவிடும்; அரக்குப் பூச்சு ஓரளவு தாங்கும்.

கிறிஸ்துமஸ் கேக் வேலைகள் தொடங்குமுன் அந்தக் குறிப்புக்கு ஒரு திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். இடம் குறைவென்றால் தேன் என்பதைத் திரவ குளுக்கோஸ் என்று மாற்றி, ஹார்டுவேர் கடைப் பாலிஷ் வேண்டாம் என்ற ஒரு வரியைச் சேர்த்தால்கூடப் போதும்.

இப்படிக்கு,
கேக் அலங்காரப் பயிற்சி தரும் வாசகி,
தூத்துக்குடி