காலாண்டுச் செய்தியும் கிரிக்கெட் பேட் குறித்த வேண்டுகோளும்

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

காலாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. பேச்சுப் போட்டி, அறிவியல் கண்காட்சி, தடகளம் எனப் பலவற்றிலும் நம் பிள்ளைகள் பரிசு வாங்கியுள்ளனர். அனைவருக்கும் பாராட்டு.

ஏழாம் வகுப்பினர் சச்சின் டெண்டுல்கரைப் பற்றி ஒட்டிய சுவரிதழும் நன்று. 200 டெஸ்டுகளில் 15,921 ரன், ஒருநாள் போட்டிகளில் 18,426 ரன், மொத்தம் 100 சதங்கள் என எல்லாம் சரியாக எழுதியிருந்தனர். அதில் இருந்த ஒரே ஒரு வரிதான் இப்போது தொல்லை: 'கனமான பேட்டால் ஆடினார்.' அதைப் படித்த ஆறாம் வகுப்புப் பிள்ளைகள்கூடப் பெரியவர்களின் பேட்டைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்.

பேட் கனமாக இருந்தால் தூக்கி இறக்கத் தாமதமாகும். பந்து முந்திவிடும். அவசரத்தில் கைப்பிடியின் கீழ்ப்பகுதியைப் பிடித்திருக்கும் கை இழுக்க, நேராக வர வேண்டிய பேட் குறுக்கே போகும். மணிக்கட்டும் முழங்கையும் வலிக்கும். 2004இல் டென்னிஸ் எல்போ என்ற முழங்கை வலி வந்து சச்சினே சில ஆட்டங்களில் ஆட முடியவில்லை. பேட்தான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. முழங்கை யாருக்கும் முழங்கைதான்.

வீட்டிலேயே பாருங்கள். ஷூ அணிந்து நிற்கும் பிள்ளையின் காலருகே பேட்டை நிறுத்தினால், கைப்பிடி இடுப்பெலும்பைத் தாண்டக் கூடாது. வலக்கை ஆட்டக்காரர் இடக்கையால் மட்டும் பேட்டைப் பின்னால் தூக்கி நேராக இறக்கட்டும். நுனி ஆடினால் அது அவருக்குக் கனம்.

சச்சினைப் பார்த்துச் செய்ய வேறொன்று இருக்கிறது. ஆஃப் சைடில் விலகிப்போகும் பந்தைத் தொட்டு அடிக்கடி அவுட்டானதால், 2004 ஜனவரியில் சிட்னியில் அந்தப் பக்கம் அடிக்கும் கவர் டிரைவ் என்ற அடியையே ஒதுக்கிவைத்து, 436 பந்துகளில் 241 எடுத்து அவுட்டாகாமல் நின்றார். அந்தப் பொறுமைக்குக் கடையில் எதுவும் வாங்க வேண்டியதில்லை.

திங்கள் முதல் அளவுக்கு மீறிய பேட் உடற்கல்வி ஆசிரியரிடம் இருக்கும். பெற்றோர் நேரில் வந்துதான் வாங்க வேண்டும். ஹெல்மெட் இல்லாத யாரும் லெதர் பந்தில் ஆட அனுமதியில்லை. இதில் சிபாரிசு வேண்டாம்.

ஆசையாக வாங்கிக் கொடுத்திருப்பீர்கள், தெரியும். இனி வாங்குவதற்கு முன் உடற்கல்வி ஆசிரியரைக் கேளுங்கள், பிள்ளையின் உயரம் பார்த்து அளவு சொல்வார். விளையாட்டு விழாவுக்கு வந்து உதவிய பெற்றோர் அனைவருக்கும் நன்றி.

அன்புடன்,
தலைமையாசிரியர்