முதல் மாத்திரைக்கு முன்பே கிட் மரபணுப் பரிசோதனை வேண்டும்

மதிப்பிற்குரிய மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அதிகாரிகளுக்கு,

வணக்கம். 'நோய் ஏற்கெனவே உறுதியாகிவிட்டதால் மரபணுப் பரிசோதனை அவசியமில்லை.' என் அம்மாவின் விண்ணப்பத்தைச் சென்ற ஆண்டு இந்த வரியோடுதான் திருப்பினீர்கள். பிறகு சொந்தச் செலவில் செய்த பரிசோதனைக்குச் சென்ற வாரம் செலவுத்தொகை கேட்டதற்கும் அதே வரி.

அம்மாவுக்குச் சிறுகுடலில் ஜிஸ்ட் என்னும் அரிய புற்றுநோய். பெரும்பாலானோருக்கு அதை வளர்ப்பது கிட் என்ற புரதம். வெளியிலிருந்து சமிக்ஞை வந்தால் மட்டுமே அது செல்லைப் பெருகச் சொல்ல வேண்டும். மரபணுவில் பிழை விழுந்தால் யாரும் சொல்லாமலே இரவும் பகலும் ஏவிக்கொண்டிருக்கும். 1998இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இதைக் கண்டுசொன்னார்கள். இமாட்டினிப் மாத்திரை அந்தப் புரதத்தை அடக்குகிறது. பிழை அந்த மரபணுவில் எக்ஸான் 11 என்ற பகுதியில் என்றால் தினம் 400 மில்லிகிராம் போதும். எக்ஸான் 9இல் என்றால் 800 வரை தேவைப்படும். மாத்திரைக்குப் பணம் தருகிறீர்கள். எவ்வளவு மாத்திரை என்று சொல்லும் பரிசோதனைக்கு மறுக்கிறீர்கள்.

பதினொரு மாதம் அம்மா 400 சாப்பிட்டார். காலையில் இமைகள் வீங்கி ஒட்டியிருக்கும். ஈரத்துணியால் ஒற்றி ஒற்றித்தான் கண் திறப்பார். சாப்பாடு முடிந்ததும் மாத்திரையை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தபடி, "இது கேட்கிறதாடா?" என்பார். கேட்கும் அம்மா என்பேன். அடுத்த ஸ்கேனில் கட்டி வளர்ந்திருந்தது. அக்காவின் வளையலை அடகு வைத்து, மெழுகில் பதித்த திசுவைப் பஞ்சில் சுற்றி ஆய்வகத்துக்கு அனுப்பினோம். எக்ஸான் 9 என்று முடிவு வந்தது. அந்தப் பதினொரு மாதத்தை நாங்கள் யாரிடம் போய்க் கேட்பது?

உங்கள் படிவத்தில் மார்புக்கும் கருப்பைவாய்க்கும் தனித்தனிக் கட்டம் இருக்கிறது. எங்களுக்கு 'இதர' என்ற கட்டம். பத்துப் பேருக்கு வந்தாலும் புற்றுநோய் புற்றுநோய்தானே? எண்ணிக்கை குறைவு என்பதற்காக எங்கள் வீட்டில் வலி குறைந்துவிடவில்லை.

மனத்தாங்கலில் குரல் உயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் பணத்தைப் பற்றிப் பிறகு பேசலாம். இனி வரும் ஜிஸ்ட் நோயாளிக்கு, மருத்துவர் எழுதிக் கொடுத்தால், முதல் மாத்திரைக்கு முன்பே கிட் பரிசோதனைக்கு அனுமதி கொடுங்கள். அந்த ஒரு வரியைத் திட்டத்தில் சேர்க்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நோயாளி ஒருவரின் மகன்