மறுபடியும் துண்டுத் திருடன்

அன்புள்ள சேகருக்கு,

ஏழு மாதமாக ஒரு வரிகூட எழுதவில்லை. காரணம் சொன்னால் நீ நம்பப்போவதில்லை, ஆகவே சொல்லவில்லை. முழங்கால் எப்படி இருக்கிறது? அம்மாவுக்கு என் வணக்கம். நெட்டையன் ஓய்வு பெற்றுவிட்டானாமே! ஓய்வு பெறுவதற்கு அவன் எப்போது வேலை செய்தான்?

இனி விஷயத்துக்கு வருகிறேன். உன் துண்டுத் திருடன் மறுபடியும் திருடனைப் பிடித்துவிட்டான். அன்று கொடியில் தொங்கிய துண்டைத் திருடன் என்று நினைத்து நான் கத்தியதில் விடுதிதான் விழித்தது. இந்த முறை ஒரு மனிதரின் வயிற்றைத் திறக்க நாளே குறித்துவிட்டார்கள்.

"படம் எடுக்கிற மருந்தே கட்டியை எப்படிச் சுடும்?" என்று போன கடிதத்தில் கேட்டிருந்தாய். நாங்கள் பார்க்கும் நியூரோஎண்டோகிரைன் கட்டிகள் (ஹார்மோன் சுரக்கும் செல்களில் தோன்றுபவை) பலவற்றின் மேல், சோமடோஸ்டாடின் என்ற ஹார்மோன் வந்து ஒட்டிக்கொள்ளும் ஏற்பிகள் மண்டிக் கிடக்கும். அந்த ஹார்மோனைப் போலச் செய்த சிறு மூலக்கூறு ஒன்றின் முதுகில் காலியம்-68 என்ற கதிரியக்கப் பொருளை ஏற்றி ஊசி போட்டால், கட்டி இருக்கும் இடம் அந்தக் கதிரியக்கத்தைப் படம் பிடிக்கும் பெட் ஸ்கேனில் விளக்குப் போலத் தெரியும். காலியத்தின் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் நேரம், 68 நிமிடம்தான், எனவே எங்கள் காலைப்பொழுது முழுவதும் ஓட்டம்தான். அதே முதுகில் லுடேஷியம்-177 என்ற வேறொரு கதிரியக்கப் பொருளை ஏற்றினால், அதன் பீட்டா கதிர்கள் இரண்டு மில்லிமீட்டர் தூரத்துக்குள் அடங்கி, ஒட்டிய இடத்திலேயே கட்டியை எரிக்கும். 2017-இல் வெளியான ஆய்வில், இருபதாவது மாதத்தில் நோய் மேலும் முற்றாமல் இருந்தவர்கள் லுடேஷியம் பெற்றவர்களில் 65 சதவீதம், மற்றக் குழுவில் 11 சதவீதம். இந்த எண்களைப் படித்த பிறகு எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறியிருந்தது. அதை ஒப்புக்கொள்ளத்தான் இவ்வளவு பீடிகை.

அந்த மனிதருக்கு வேறு எதற்கோ எடுத்த சி.டி. ஸ்கேனில், கணையத்தின் வால் பகுதியில் 14 மில்லிமீட்டர் உருண்டை ஒன்று அகப்பட்டது. எங்கள் படத்தில் அது பளீரென்று ஒளிர்ந்தது. ஐந்து நிமிடத்தில் "கணையத்தின் நியூரோஎண்டோகிரைன் கட்டி" என்று கையெழுத்துப் போட்டேன். அறுவை மருத்துவர் நாள் குறித்தார். கணையத்தின் வாலோடு மண்ணீரலும் போகும்.

எங்களிடம் பயிற்சிக்கு வந்து நான்கு மாதமே ஆன பெண் ஒருத்தி, "சார், இது மண்ணீரல் மாதிரியே நிறம் மாறுகிறதே" என்றாள். எரிந்து விழுந்தேன். இரவு தூக்கம் வரவில்லை. எழுந்து போய்ப் பழைய சி.டி.யைத் திறந்து, ஒவ்வொரு கட்டமாக இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சி.டி.க்காக ஏற்றிய மருந்து பாய்ந்ததும் மண்ணீரல் எவ்வளவு வெளுத்ததோ, இதுவும் அவ்வளவே வெளுத்தது. அது மங்கியபோது இதுவும் கூடவே மங்கியது. துணை மண்ணீரல்! பிறக்கும்போதே பிரிந்து தனியாகத் தங்கிவிட்ட துணுக்கு. பத்துப் பேரில் ஒருவருக்காவது இருப்பதுதான். மண்ணீரலிலும் அந்த ஏற்பிகள் ஏராளம் என்பதை வருடாவருடம் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவனும் நான்தான்.

அவர் இரத்தத்தின் சிவப்பணுக்களைச் சூடாக்கிச் சிதைத்து, டெக்னீஷியம் என்ற கதிரியக்கப் பொருளை ஏற்றித் திருப்பி உடலுக்குள் செலுத்தினோம். சிதைந்த அணுக்களை மண்ணீரல்தான் பொறுக்கி எடுக்கும். அந்த உருண்டையும் பொறுக்கியது. அறுவை ரத்து. "அப்படியானால் எனக்குள் இருப்பது என்ன?" என்று கேட்டார். "உங்கள் மண்ணீரலின் குட்டி" என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தப் பெண்ணிடம் எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டேன். அது சுலபமாகத்தான் இருந்தது. இப்போது என்னை அரிப்பது வேறு. இதற்கு முன் ஐந்து நிமிடத்தில் கையெழுத்துப் போட்டவை எத்தனை? மாலையில் எல்லோரும் போன பிறகு, கணைய வால் என்று நான் எழுதிய பழைய அறிக்கைகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கிறேன். சந்தேகத்துக்கு இடமான ஒன்று அகப்பட்டது; அவருக்கு அறுவை நடந்து முடிந்திருந்தது. திசுப் பரிசோதனை அறிக்கையைத் தேடி எடுக்கும்வரை கை நடுங்கியது. கட்டிதான் என்று இருந்தது. இன்னும் முப்பத்தொன்று பாக்கி.

இதையெல்லாம் நெட்டையனிடம் சொல்லிவிடாதே, வாழ்நாள் முழுக்க ஓட்டுவான். அன்று கொடியில் தொங்கிய அந்தத் துண்டு யாருடையது என்று நீ இதுவரை சொல்லவே இல்லை. பதிலில் அதையாவது எழுது.

உன்,
ராமு